கொல்லையில் நீர் நின்ற இடங்கள்

காரைக்குடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கொல்லை, வீட்டுச் சுவரிலிருந்து வடக்கு மதில் வரை 32 அடி நீளமும் கிழக்கு மேற்காக 24 அடி அகலமும் கொண்டது. வீட்டை வாங்கிய நாளில் அதில் பாதிக்கு மேல் சிமெண்டுத் தளம் போடப்பட்டிருந்தது. மீதி இடத்தில், கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் துண்டுகளும் சல்லியும் அரையடி ஆழம் வரை மண்ணோடு கலந்து கிடந்தன. மதிலோரம் நின்ற ஒரு முருங்கை மரத்தைத் தவிரப் பச்சையென்று சொல்ல வேறொன்றும் இல்லை. இன்று அதே இடத்தில் நான்கு காய்கறிப் பாத்திகளும், ஒரு வாழைக்குழியும், அவரைப் பந்தலும், அம்மா காலையில் நடந்து பூப்பறிக்கும் பாதையும் இருக்கின்றன. இதைச் செய்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அவற்றில் முதல் ஆண்டு முழுவதும் வீணானது. அது ஏன் வீணானது, இரண்டாம் ஆண்டில் எதை முதலில் செய்தோம் என்பதை, தங்கள் கொல்லையைத் தாங்களே திருத்த நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் ஆண்டில், பெரும்பாலோர் செய்வதையே நாங்களும் செய்தோம். ஆடி பிறந்ததும் நாற்றுப் பண்ணைக்குப் போய்க் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளும் ஒரு மாதுளைக் கன்றும் வாங்கி வந்து, குழி தோண்டித் தொழு உரம் இட்டு நட்டோம். ஆவணியிலும் புரட்டாசியிலும் செடிகள் நன்றாகவே வந்தன. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பத்து நாள் ஆவதற்குள் கத்தரியும் தக்காளியும் நின்ற இடத்திலேயே வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் வழன்று, அழுகல் நாற்றம் அடித்தது. மாதுளை கார்த்திகை வரை தாங்கிப் பிறகு பட்டுப்போனது. அதே மழையில் அடுப்படியின் வெளிச்சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிரத் தொடங்கியது. செடிக்கு வந்த கேடும் சுவருக்கு வந்த கேடும் ஒரே காரணத்தால் வந்தவை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அதை முதலில் உணர்ந்தவர் என் அம்மா. செட்டிநாட்டுப் பகுதியில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் ஊரணி வெட்டி, பெய்கிற மழையை வரத்துக்கால் வழியாக அதில் சேர்த்துத்தான் பல தலைமுறைகள் குடித்து வாழ்ந்தன. பெரிய வீடுகளில் ஓட்டுக் கூரையின் நீர் வளவுக்குள் இறங்க, அதை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த அம்மா, மழை பெய்யும்போது கொல்லையில் நின்று பார்த்தாயா என்று என்னிடம் கேட்டார். நான் பார்த்ததில்லை. அடுத்த பெருமழையில் குடையோடு இருவரும் இறங்கி, நீர் தேங்கிய ஒவ்வோர் இடத்தின் விளிம்பிலும் விளக்குமாற்றுக் குச்சிகளை ஊன்றிக்கொண்டே வந்தோம். மழை விட்டு நீர் வடிந்த பிறகு எண்ணினால் 41 குச்சிகள். அவற்றில் பெரும்பகுதி வீட்டுச் சுவரிலிருந்து எட்டடிக்குள், அடுப்படி மூலையைச் சுற்றிக் குதிரை லாடம் போல வளைந்து நின்றன. கொல்லை முழுவதும் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது என்பதை அந்தக் குச்சிகள் காட்டிக்கொடுத்தன.

எவ்வளவு சரிவு என்று அறிய, கொத்தனார்கள் பயன்படுத்தும் குழாய் மட்டத்தை நாங்களே பிடித்துப் பார்த்தோம். இதற்கு 40 அடி நீளமுள்ள, உள்ளே இருப்பது தெரிகிற, அரை அங்குல நெகிழிக் குழாய் ஒன்றும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். வாளியை உயரத்தில் வைத்து, குழாயின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையில் வாயால் உறிஞ்சி இழுத்தால் நீர் நிரம்பிவிடும். இரண்டு முனைகளையும் ஓரடி காலியாக விட்டு மேலே பிடித்தால், இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இடையில் குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் அது மாறாது. வீட்டுச் சுவரோரம் ஒரு முளைக்குச்சியிலும் மதிலோரம் ஒரு முளைக்குச்சியிலும் அந்த நீர்மட்டத்தைக் கரிக்கோடாகக் குறித்து, கோட்டிலிருந்து தரை வரை அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் தரையின் ஏற்ற இறக்கம் அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும்.

முதல் முறை நாங்கள் எடுத்த அளவு ஒன்றரை அங்குலம் தவறியது. குழாயின் நடுப்பகுதியில் காற்றுக்குமிழி ஒன்று சிக்கியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அளவெடுக்கும் முன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்து, நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிற்கவில்லையென்றால் உள்ளே காற்று இருக்கிறது. குழாயை உயர்த்திச் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றி மறுபடி அளந்தபோது, மதிலோரத் தரை வீட்டோரத் தரையைவிட 4 அங்குலம் உயரம் என்று உறுதியானது. பார்வைக்குச் சமதளமாகத் தெரிந்த கொல்லையில் அந்த 4 அங்குலம்தான் ஒவ்வொரு மழைக்கும் நீர் முழுவதையும் அடுப்படிச் சுவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்யக் கொல்லை முழுவதையும் வெட்டி மறுபுறம் சரிக்க வேண்டுமென்றால் பல வண்டி மண்ணை வெளியேற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, வீட்டுச் சுவரிலிருந்து எட்டடி தள்ளி, கிழக்கிலிருந்து மேற்காக ஓர் ஆழமற்ற வாய்க்கால் எடுக்க முடிவு செய்தோம். வடக்கிலிருந்து வரும் நீர் அந்த வாய்க்காலில் வந்து நின்றுவிடும். வீட்டோரத் தரையைச் சற்று உயர்த்தினால் அங்கிருந்தும் நீர் வாய்க்காலுக்கே இறங்கும். வாய்க்காலின் அகலம் ஒன்றரை அடி. கிழக்கு முனையில் 4 அங்குல ஆழம். 5 அடிக்கு 1 அங்குலம் என்ற கணக்கில் மேற்கே இறக்கிக்கொண்டு போனதால் மறுமுனையில் ஆழம் 9 அங்குலத்தை ஒட்டி வந்தது. தோண்டிய மண் வெளியே போகவில்லை. பாதியை வீட்டுச் சுவரோரம் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். மறுபாதி பாத்திகளுக்குப் போனது. வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பூசினால் அது சாக்கடையாகிவிடும். மண்ணாக விட்டால் போகிற வழியெல்லாம் நீரைக் குடித்துக்கொண்டே போகும். அடியில் கூழாங்கல் பரப்பி, கரை சரியாமலிருக்க இருபுறமும் வெட்டிவேர் நட்டோம்.

வாய்க்கால் எடுப்பதற்கு முன் சிமெண்டுத் தளத்தை உடைக்க வேண்டியிருந்தது. மூன்று அங்குலத் தடிப்புள்ள தளத்தின் மேல் சம்மட்டியால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வெள்ளைத் தழும்பு விழுமே தவிர உடையாது, ஏனென்றால் கீழே இருக்கும் மண் அதைத் தாங்குகிறது. ஒரு நாள் மட்டும் கூலிக்கு வந்த கொத்தனார் அதற்கு வழி காட்டினார். "கடப்பாரையை விளிம்புல குடுத்து லேசா நெம்புங்கக்கா, ஒரு சின்னக் கல்லை அடியில வைங்க, அப்புறம் அடிங்க" என்றார். அப்படிச் செய்ததும், மண்ணை விட்டு ஓர் அங்குலம் எழும்பி நின்ற பாளம் இரண்டாவது அடியிலேயே நேர்க்கோடாகப் பிளந்தது. தளம் தூளாகாமல் பெரிய பெரிய பாளங்களாகக் கிடைத்தது எங்களுக்குப் பெரும் வரவாக அமைந்தது, பாதைக்கு வேண்டிய கல் முழுவதும் அதிலிருந்தே வந்துவிட்டது. இரண்டடிக்கு ஒன்றரை அடி உள்ள ஒரு பாளம் ஏறக்குறைய 50 கிலோ எடை இருக்கும்; அதைத் தூக்க முயலாமல், இரண்டு இரும்புக் குழாய்த் துண்டுகளை அடியில் போட்டு உருட்டிக்கொண்டு போனோம்.

பாதையை எப்படி அமைப்பது என்பதில் நான் மிகுந்த நேரம் செலவிட்டேன். அம்மாவுக்கு 71 வயது. தடுக்கி விழாமல் நடக்க வேண்டும். கற்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்று தெரிந்துகொள்ள, ஈர மணலைப் பரப்பி அதன் மேல் அம்மாவை இயல்பாக நடக்கச் சொன்னேன். காலடித் தடங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 18 அங்குலம். என் நடைக்கு அது 24 அங்குலமாக இருந்தது. அம்மாவின் அளவையே எடுத்துக்கொண்டோம். இளையவர்கள் ஒரு கல் தாண்டி நடக்கலாம், முதியவர்கள் தாவ முடியாது. நான்கு அங்குலம் தோண்டி, இரண்டு அங்குலம் மணல் பரப்பி, நனைத்து இறுக்கி, அதன் மேல் பாளங்களைக் கரடான அடிப்பக்கம் மேலே வருமாறு புரட்டிப் போட்டோம். மழைநாளில் வழுவழுப்பான பக்கம் வழுக்கும். இதே காரணத்தால்தான், வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஆத்தங்குடி ஓடுகளைப் பாதைக்குப் போடலாம் என்ற யோசனையையும் கைவிட்டேன். கூடத்துக்குள் கால் பட்டுப் பட்டு மெருகேறும் அந்த ஓடு, வெயிலும் மழையும் படும் இடத்துக்கு உரியதன்று.

கற்களுக்கு இடையே உள்ள சந்துகளில் பொடுதலையைப் பரப்பியிருக்கிறோம். வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தானே படரும் இந்தக் கொடி, கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையை ஒட்டியே பரவும், மிதித்தாலும் சாகாது, சிறிய வெண்பூக்களைத் தேடித் தேனீ வரும். பொடுகுக்குத் தைலம் காய்ச்ச அம்மா அதிலிருந்தே பறித்துக்கொள்கிறார். புல்தரை வைக்க வேண்டும் என்று விரும்பும் நண்பர்களிடம் நான் மன்றாடியே சொல்வதுண்டு: நம் பகுதி வெயிலில் அலங்காரப் புல்லைப் பச்சையாக வைத்திருக்கத் தினமும் நீர் ஊற்ற வேண்டும், அந்த நீரில் ஒரு தென்னையையும் நான்கு வாழைகளையும் வளர்த்துவிடலாம். நெகிழிப் புல் விரிப்போ இன்னும் மோசம். சித்திரை வெயிலில் அதன் மேல் வெறுங்காலை வைக்க முடியாது, அதன் கீழே உள்ள மண்ணில் மண்புழுவும் வாழாது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மண் செம்மண். இரண்டடிக்குக் கீழே செம்புறாங்கல் தட்டும். மேல்மண் எப்படிப்பட்டது என்பதை அறிய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றே போதும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் இறங்கிவிடும். இரண்டொரு மணி நேரத்தில் அதன் மேல் வண்டல் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். எங்கள் மண்ணில் மணல் பாதிக்கு மேல் இருந்தது, களி குறைவு. நீரை வேகமாக விடுகிற மண் இது. ஆனாலும் முதல் ஆண்டில் வேர் அழுகியதற்குக் காரணம், சிமெண்டுத் தளத்தில் விழுந்த மழையும் சேர்ந்து அந்தச் சிறிய இடத்துக்குள் நாட்கணக்கில் வந்து நின்றதுதான். மண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் ஆண்டில் ஒரு வண்டிச் செம்மண்ணும் வாங்கியிருந்தோம். வண்டல் கலந்த தோட்ட மண் என்று சொல்லி இறக்கினார்கள். நனைந்து காய்ந்ததும் அது ஓடு போல இறுகிப்போனது, சாலைக்கு நிரவும் கிராவல் அது. அதன் பிறகு எந்த மண்ணையும் பாட்டிலில் குலுக்கிப் பார்க்காமல் இறக்கவிடுவதில்லை. எங்கள் மேல்மண்ணுக்குத் தேவைப்பட்டது வேறு மண்ணன்று, மக்கு மட்டுமே என்பதும் பின்னர் புரிந்தது. மக்கிய தொழு உரமும், வேம்பு உதிர்த்த சருகும், எண்ணெய்ச் செக்கிலிருந்து வாங்கிய கடலைத் தொலியும் இரண்டு பருவம் போட்ட பாத்தியில் இப்போது மண்வெட்டி தானாக இறங்குகிறது. சருகைக் காயவிட்டால் கரையான் ஏறும் என்பதால், மூடாக்குப் போட்ட இடத்தை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறோம்.

வாய்க்காலின் மேற்கு முனையில் பழைய மழைநீர்க் குழி ஒன்று இருந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது வெட்டிய குழியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் மூடி போட்டு, மூடிக்கு மேல் தளமும் போட்டுவிட்டார்கள். திறந்து பார்த்தால் விளிம்பு வரை மண். அந்தக் குழியைத் தூர்வாரி ஆறடி ஆழத்துக்கு இறக்கி, மூன்றடி விட்டமுள்ள சிமெண்டு உறைகளை இணைப்புப் பூச்சு இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தோம். இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் மாடித்தளம் 900 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 83 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆகவே 50 மில்லிமீட்டர் பெய்கிற ஒரு நாளில் மாடியிலிருந்து மட்டும் 4,150 லிட்டர் இறங்கும். எங்கள் குழியின் கொள்ளளவோ 1,200 லிட்டர். பெய்யப் பெய்ய மண் உறிஞ்சினாலும் பெருமழையில் குழி நிரம்பும். அதனால் குழியின் கழுத்திலிருந்து தெரு வடிகாலுக்கு ஒரு மிகைநீர்க் குழாய் வைத்தே ஆக வேண்டும். அது இல்லாத குழி, நிரம்பிய மறுகணமே நீரைச் சுவருக்குத் திருப்பிவிடும்.

இந்தக் குழிக்குள் குளியல் நீரோ அடுப்படி நீரோ ஒரு சொட்டும் போகக் கூடாது. மழைநீர் நேராக நிலத்தடிக்குப் போகிறது. அழுக்கு நீருக்கு முதலில் வேரும் மண்ணும் வேலை செய்ய வேண்டும். நான்கு பேர் குளிக்கும் நீர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 160 லிட்டர் வருகிறது. அதற்காக மேற்கு மதிலோரம், வீட்டுச் சுவரிலிருந்து 14 அடி தள்ளி, நான்கடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் உள்ள வட்டக் குழி ஒன்று வெட்டி, வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கரையாகக் கட்டினோம். குழிக்குள் தேங்காய் மட்டை, கவாத்துச் செய்த கிளைகள், சருகு ஆகியவற்றை மேடாக நிரப்பி, கரையைச் சுற்றி நான்கு வாழைக் கன்றுகள் வைத்தோம். இரண்டு பூவன், இரண்டு மொந்தன். பக்கக்கன்று எடுக்கும்போது அகலமான இலை விரிந்த கன்றை விட்டுவிட்டு, கிழங்கு பருத்து, இலை குறுகி வாள் போல நிற்கும் கன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய் சருகுக் குவியலுக்குள் நீரை விடுவதால் மேலே நீர் தெரிவதில்லை, கொசு முட்டையிட இடமில்லை. சருகு மக்கி உள்வாங்க உள்வாங்க மேலே போட்டுக்கொண்டே இருக்கிறோம்; எங்கள் கொல்லையின் குப்பையில் பாதிக்கு மேல் அந்தக் குழியே தின்றுவிடுகிறது.

அடுப்படி நீரில் எண்ணெயும் பருக்கையும் இருப்பதால் அதை நேரே விடவில்லை. முதலில் ஒரு பழைய நெகிழி டிரம்மில் சல்லி நிரப்பி அதில் வடிகட்டி, பிறகு எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள கல்வாழைப் பாத்தி வழியாகச் செலுத்துகிறோம். கொல்லையில் புதைந்து கிடந்த செங்கல் துண்டுகள் அனைத்தும் அந்தப் பாத்தியின் அடிப்பரப்பாகிவிட்டன. டிரம்மின் மேற்பகுதிச் சல்லியை மாதம் ஒரு முறை எடுத்துக் கழுவ வேண்டும். அந்த வேலையைத் தள்ளிப்போட்டால் நாற்றம் எடுக்கும். துணி துவைக்கும் நீரைத் தோட்டத்துக்கு விடுவதில்லை; சலவைத்தூளின் உப்பு நாளடைவில் மண்ணை இறுக்கிவிடும். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா, கீரை ஆகியவற்றுக்கும் வீட்டுக் கழிவுநீர் கூடாது. அவற்றுக்குக் கிணற்று நீர்தான்.

நீருக்கு அடுத்து வெயில். காய்கறிப் பாத்திகளை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்தது வெயில்தான். காரைக்குடி வட அட்சரேகை 10 பாகையில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரை உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே வீட்டுக்கு வடக்கே இருக்கும் கொல்லைக்கு, நிழல் மிகத் தேவைப்படும் கோடையில் வீட்டின் நிழல் நண்பகலில் சற்றும் கிடைக்காது. மார்கழியில் நேர்மாறாக, சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். 12 அடி உயரமுள்ள எங்கள் சுவரின் நிழல் மார்கழி நண்பகலில் எட்டடி வரை கொல்லைக்குள் விழுகிறது. ஒரு சுண்ணாம்புக் கட்டியால் அந்த நிழலின் விளிம்பைத் தரையில் கோடிட்டுப் பார்த்தேன். நாங்கள் எடுத்த வாய்க்காலின் கரையை ஒட்டியே கோடு ஓடியது. அதனால் வாய்க்காலுக்குத் தெற்கே துணி துவைக்கும் கல், உட்காரும் திண்ணை, வெற்றிலைக்கொடி ஆகியவையும், வடக்கே வெயில் தேடும் காய்கறிகளும் என்று பிரித்துக்கொண்டோம்.

பாத்திகள் மூன்றடி அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இருபுறமிருந்தும் கையெட்டினால்தான் உள்ளே மிதிக்காமல் களையெடுக்க முடியும். ஓரத்துக்குச் செங்கற்களைச் சாய்வாக ஊன்றினோம். தட்டினால் கணீரென்று ஒலிக்கும், நன்றாக வெந்த கல்லாக இருக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கல் இரண்டு மழையில் கரைந்துவிடும். மேட்டுப்பாத்தி, பள்ளப்பாத்தி என்ற விவாதத்தில் எதிலும் பிடிவாதம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆடிப்பட்டத்துக்கு மண்ணை ஆறு அங்குலம் உயர்த்திக் கொள்கிறோம், ஐப்பசி மழைக்கு வேர் தப்புகிறது. தை கழிந்ததும் அதே மண்ணை ஓரங்களுக்கு ஒதுக்கி நடுவைப் பள்ளமாக்கி விடுகிறோம், மாசி, பங்குனியில் ஊற்றுகிற நீர் ஓடாமல் நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை மண்ணைப் புரட்ட வேண்டியிருப்பது கூடுதல் வேலைதான். அதற்கு ஈடாகக் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீர் விட்டாலே போதுமானதாக இருக்கிறது.

வடக்கு மதிலோரம் அவரைப் பந்தல். சவுக்குக் கம்பு நட்டால் எங்கள் மண்ணில் ஒரே ஆண்டில் கரையான் அரித்துவிடும் என்பதால், நான்கு வேலிக்கல் தூண்களை இரண்டடி ஆழத்தில் ஊன்றி, ஆறரை அடி உயரத்தில் கம்பி இழுத்தோம். மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கக் கயிற்றில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி அளந்து முக்கோணம் பிடித்தால் போதும். நாட்டு அவரை ஆடியில் விதைத்தாலும் அவசரப்படாது. பகல் பொழுது குறையத் தொடங்கிய பிறகே பூவெடுக்கும். கார்த்திகை வரை வெறும் கொடியாகக் கிடக்கிறதே என்று என் கணவர் கவலைப்பட்டார். மார்கழியில் ஊதாப் பூக்கொத்துகள் பந்தல் முழுவதும் எழுந்து நின்றன. பனி விழும் காலத்தில் பூக்காம்புகளில் கறுப்பு அசுவினி அப்பும். அதிகாலை ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுகிறோம். மிகுந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கிறோம்.

அதற்கு மேல் எந்த மருந்தும் தெளிப்பதில்லை, அதற்கு ஒரு காரணமும் உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகத்துத் தோட்டங்களைப் பாழாக்கியது பலருக்கும் நினைவிருக்கும். அதை அடக்கியது தெளிப்பு மருந்தன்று. 2010-இல் புவெர்த்தோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவி. எங்கள் பப்பாளியில் சென்ற ஆண்டு மாவுப்பூச்சி வெள்ளையாகப் படிந்தபோது, மோசமான இலைகளை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு, நீரைப் பீய்ச்சி அடித்துக் காத்திருந்தேன். மூன்று வாரத்தில் மீதிப் பூச்சிகள் ஒட்டுண்ணி உண்டு பழுப்பேறிய வெற்றுக் கூடுகளாக இலையில் ஒட்டியிருந்ததைக் கண்டேன். கடும் மருந்து அடித்திருந்தால் அந்தக் குளவிகளையும் சேர்த்தே கொன்றிருப்பேன்.

பழைய முருங்கை அப்படியே நிற்கிறது. கிளை எளிதில் முறியும் என்பதால் காய்ப்பு ஓய்ந்ததும் ஆளுயரத்துக்கு வெட்டிவிடுகிறோம். வெட்டிய கிளைகள் வாழைக்குழிக்குப் போகின்றன.

சென்ற ஐப்பசியில் முதல் பெருமழை இரவில் வந்தது. விடிந்ததும் அம்மா குடையும் குச்சிகளுமாக எனக்கு முன்பே கொல்லைக்கு இறங்கிவிட்டார். வாய்க்கால் கலங்கிய செந்நீரோடு மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படிச் சுவரோரம் மண் நனைந்திருந்ததே தவிர நீர் நிற்கவில்லை. கத்தரிப் பாத்திகளைச் சுற்றி வந்த அம்மாவுக்குக் குச்சி ஊன்ற இடம் அகப்படவில்லை. கிழக்கு மூலையில், துவைக்கும் கல்லுக்குப் பின்னால் மட்டும் ஒரு முறம் அளவுக்கு நீர் தேங்கியிருந்தது. அங்கே மூன்று குச்சிகள் ஊன்றினார். மண்ணை இடித்து இறுக்கியபோது அந்த மூலையில் கட்டை சரியாக விழவில்லை போலும். வரும் புரட்டாசிக்குள் அதை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். மண்ணைச் சலித்து மூட்டையில் கட்டி வைத்திருக்கிறேன், குச்சிகளை இன்னும் பிடுங்கவில்லை.